மார்பில் வீக்கம், குளிர் காய்ச்சல்: பாலை நிறுத்தவும் வேண்டாம், பிழிந்தெடுக்கவும் வேண்டாம்

கடலூரில் தாய் வீட்டில் இருக்கும் 27 வயதுப் பெண் ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கித் தருகிறேன். முதல் பிரசவம், சுகப்பிரசவம், பெண் குழந்தை, ஏழு வாரம் ஆகிறது. புகுந்த வீடு அரியாங்குப்பம் பக்கம், வேலை பாண்டிச்சேரியில் ஒரு தனியார் நிறுவனத்தில். மூன்று வாரம் முன்பு வலது மார்பின் மேல் பக்கம் சிவந்து காய்ச்சல் வந்திருக்கிறது. தெருமுனை மெடிக்கலில் சொல்லி மூன்று நாளுக்கு அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கியிருக்கிறார்கள், இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டதும் மீதியை நிறுத்திவிட்டார். போன வாரம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. வீடு முழுக்க ஆட்கள், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார இடமில்லை, ஐந்தாறு மணி நேரம் பால் கொடுக்காமலேயே இருந்துவிட்டார். அன்று இரவே உடம்பு தூக்கிப் போடுகிற குளிர், 102 டிகிரி காய்ச்சல், அதே வலது மார்பில் அதே இடத்தில் சிவப்பு, எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கெட்டி.

கடிதம் எழுதும்போது மூன்றாம் நாள். அம்மா விளக்கெண்ணெய் போட்டு அழுத்திப் பிழிந்துவிட்டு, தவிட்டு ஒத்தடம் கொடுக்கிறார். மாமியார் போனில், "பால் கெட்டுப்போச்சு, அதைப் பிள்ளைக்குக் கொடுக்காதே, மல்லிகைப் பூ வச்சுக் கட்டி நிறுத்திட்டு டின் பால் ஆரம்பிச்சுடு" என்கிறார். பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பம்ப் வைத்துச் சொட்டு மிச்சமில்லாமல் எடுக்கச் சொல்கிறார். ஆளுக்கொன்று சொல்லும்போது இவர் இரவில் போனில் தேடியிருக்கிறார், அது நேராகப் புற்றுநோயில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. நான்கு கேள்விகள் கேட்கிறார். என் பால் பாப்பாவுக்கு விஷமா? ஆபரேஷன் வரை போகுமா? இது கேன்சரா? எப்படியும் வேலைக்குத் திரும்பத்தான் போகிறேன், இப்போதே பாலை நிறுத்திவிட்டால் என்ன?

கடிதம் கிடைத்த அன்றே "இன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், பாலை நிறுத்தாதீர்கள், யாரையும் அழுத்தவிடாதீர்கள்" என்று தனியாகச் சுருக்கமாகப் பதில் அனுப்பிவிட்டேன். அப்படி ஏன் சொன்னேன் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே நிலையில் இதே மாதிரி மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்ல நடுவில் உட்கார்ந்து அழுகிற பெண்கள் நம் ஊர்ப் பக்கம் நிறையப் பேர்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்மா. உங்களுக்கு இது வந்ததற்கு உங்கள் கவனக்குறைவு காரணம் இல்லை. காதுகுத்து வீட்டில் பால் கொடுக்க ஒரு அறை ஒதுக்கித் தராததுதான் குறை, அது உங்கள் குறை இல்லை. கடிதத்தில் நான்கைந்து இடத்தில் "என் தப்புதான்" என்று எழுதியிருக்கிறீர்கள், அதை விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் மாஸ்டைட்டிஸ், அதாவது மார்பக அழற்சி. பால் சுரக்கும் சுரப்பிகளிலிருந்து காம்பு வரை மிக நுண்ணிய குழாய்கள் கிளை கிளையாக ஓடுகின்றன. பால் அதிக நேரம் தேங்கினாலோ, இறுக்கமான பிராவோ ரவிக்கையோ ஒரே இடத்தில் அழுத்தினாலோ, தேவைக்கு மேல் பால் சுரந்தாலோ, அந்தக் குழாய்களைச் சுற்றியுள்ள திசு வீங்குகிறது. வீங்கியதும் வெளியிலிருந்து நெருக்குண்டு குழாய் குறுகுகிறது, பால் நகராமல் நிற்கிறது. "பால் கட்டிக்கிச்சு" என்று நாம் சொல்வது இதைத்தான். குழாய்க்குள் ஏதோ உறைந்த பால் தக்கை மாதிரி அடைத்திருப்பதாக நினைத்துத்தான் எல்லோரும் அதைப் பிதுக்கி வெளியே தள்ளப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் உள்ளே அப்படிப் பிதுக்குவதற்கு எதுவும் கிடையாது, இருப்பது வீக்கம்.

இந்தக் கட்டத்திலேயே காய்ச்சல், உடம்பு வலி, குளிர் எல்லாம் வரலாம், கிருமி இல்லாமலேயே வரலாம். பால் ஒழுங்காகக் கொடுத்து, குளிர்ச்சி வைத்து, வலி மாத்திரை போட்டால் பலருக்கு ஒரு நாளில் அடங்கிவிடும். அடங்காமல் போனாலோ, காம்பு வெடித்திருந்து அது வழியாகக் கிருமி நுழைந்தாலோ, அது தொற்றாக மாறுகிறது. பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி, நம் தோலிலும் குழந்தையின் மூக்கிலும் சாதாரணமாக இருக்கிறதுதான். உங்களுக்கு மூன்று நாளாக 102 காய்ச்சல், அதே இடத்தில் இரண்டாவது முறை, கெட்டி வேறு. வீட்டு வைத்தியத்தோடு காத்திருக்கும் கட்டத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள்.

பால் கெட்டுப்போகவில்லை

உங்கள் மாமியாரின் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். சிவந்து கொதிக்கிற மார்பைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் நிறைமாதத்தில் பிறந்து நன்றாக இருக்கிற குழந்தைக்கு அந்த மார்பின் பால் கெடுதல் செய்யாது. குழந்தைக்கும் உங்களுக்கும் இடையில் அந்தக் கிருமிகள் ஏற்கெனவே பரிமாறிக்கொண்டுதான் இருக்கின்றன, பாலிலேயே அவற்றை எதிர்க்கும் பொருள்களும் இருக்கின்றன. அழற்சி இருக்கும்போது பாலில் சோடியம் கூடி லேசாக உப்புக் கரிக்கும், அதனால் சில குழந்தைகள் அந்தப் பக்கம் வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பும். "பாருங்க, பிள்ளைக்கே தெரியுது" என்று வீட்டில் சொல்வார்கள். அது சுவை மாறியதால்தான், சில நாளில் சரியாகிவிடும். அந்தப் பக்கம் பால் கொஞ்சம் குறைந்த மாதிரி இருப்பதும் தற்காலிகம். காம்பு வெடித்து ரத்தம் கலந்து, பாப்பா கக்கும்போது சிவப்பாகத் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம், அது உங்கள் ரத்தம்.

இதற்கு விதிவிலக்கு உண்டு. குறைமாதத்தில் பிறந்த, எடை மிகக் குறைந்த அல்லது வேறு நோயுள்ள குழந்தை என்றால் குழந்தை மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். தாய்க்கு எச்ஐவி இருந்தால் மார்பில் அழற்சி வரும்போது குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு கூடும், அவர்கள் சிகிச்சை மையத்தில் உடனே சொல்ல வேண்டும். உங்களுக்கு இரண்டும் இல்லை என்று கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகக் கொடுங்கள், இரண்டு பக்கமும், பாப்பா கேட்கும்போதெல்லாம்.

அழுத்திப் பிழிவதும், சூடும், பம்பும்

இதில்தான் உங்கள் அம்மாவோடும் அந்த நர்ஸ் அக்காவோடும் கொஞ்சம் முரண்பட வேண்டியிருக்கிறது. எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்தால் ஏற்கெனவே வீங்கியிருக்கிற திசு நசுங்கி இன்னும் வீங்குகிறது, நுண்ணிய ரத்தக் குழாய்கள் சேதமாகின்றன, தொற்று இருந்தால் மோசமாகிறது. அழுத்திப் பிழிந்துவிட்டு இரண்டு நாள் கழித்து மார்பு கருஞ்சிவப்பாகக் கன்றிப்போய் வரும் பெண்களை நான் ஓபியில் அடிக்கடி பார்க்கிறேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவு வலியையும் "நல்லதுக்குத்தான்" என்று பொறுத்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அதைப் பார்க்கவே மனசு ஆறாது, ஏனென்றால் அந்த வலி எதற்குமே பயன்படவில்லை.

தொடவே கூடாது என்றில்லை. காம்பிலிருந்து அக்குள் பக்கமாக, குழந்தையின் தலையை வருடிவிடுகிற அளவுக்கு மெல்ல வருடலாம், நீர் கோத்த வீக்கம் வடிய அது உதவும். அதற்கு மேல் விரல் அழுந்தினால் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஒத்தடம். சுடச்சுட தவிட்டு ஒத்தடம், உப்பு ஒத்தடம் இவை ரத்த ஓட்டத்தைக் கூட்டி வீக்கத்தை ஏற்றும், காய்ச்சலில் உணர்வு மங்கியிருக்கும்போது தோல் வெந்துபோவதும் உண்டு. பால் கொடுக்கும் முன் வெதுவெதுப்பான துணியைச் சற்று நேரம் வைத்தால் சிலருக்குப் பால் இறங்குவது சுலபமாக இருக்கிறது, அது பரவாயில்லை. மற்ற நேரத்தில் குளிர்ச்சிதான் நல்லது: ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம், வலிக்கும்போதெல்லாம். உடனே வீட்டில் "பச்சை உடம்புக்காரி, ஐஸ் வச்சா ஜன்னி கண்டுடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்பார்கள். தோலில் வைக்கிற குளிர்ச்சி பாலைக் குளிர வைக்காது, பாப்பாவுக்குப் போவது எப்போதும் உங்கள் உடம்புச் சூட்டில் இருக்கிற பால்தான். பிரசவத்துக்குப் பின் வந்த கடுமையான தொற்றுக் காய்ச்சல்களைத்தான் அந்தக் காலத்தில் ஜன்னி என்று சொல்லிப் பயந்தார்கள், பயந்தது சரிதான், ஆனால் அதற்குக் காரணம் கிருமி. குளிர்ச்சியால் அது வருவதில்லை.

பம்ப் விஷயத்தில் நர்ஸ் அக்கா தெரியாமல் சொல்லவில்லை. "மார்பைக் காலி செய்துகொண்டே இரு" என்றுதான் நீண்ட காலமாகப் பாடப்புத்தகங்களே சொல்லிவந்தன. தாய்ப்பால் மருத்துவத்துக்கான சர்வதேச அமைப்பான அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் 2022-ல் தன் வழிகாட்டுதலை மாற்றியது. எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவுக்கு உடம்பு மறுபடி சுரக்கும், இரண்டு மணிக்கொரு தடவை வற்ற வற்ற எடுத்தால் இரட்டைக் குழந்தைக்கான பாலை உடம்பு தயாரிக்க ஆரம்பிக்கும், மறுபடி தேங்கும், மறுபடி வீங்கும். அதற்காகப் பாலைத் தேக்கியும் வைக்கக் கூடாது. பாப்பா வழக்கமாகக் குடிக்கிறபடி குடிக்கட்டும். வலியால் அந்தப் பக்கம் கொடுக்கவே முடியவில்லை, அல்லது பாப்பா வாய் வைக்க மறுக்கிறது என்றால் மட்டும், அது குடித்திருக்கக்கூடிய அளவுக்குக் கையாலோ பம்பாலோ எடுத்துப் பாலாடையில் கொடுங்கள். அவ்வளவு போதும்.

மல்லிகைப் பூ

இதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பழக்கத்தைப் பலரும் சும்மா நம்பிக்கை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது உண்மையிலேயே வேலை செய்யும். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவதையும், பாலை வற்றவைக்கத் தரப்படும் புரோமோகிரிப்டின் மாத்திரையையும் ஒப்பிட்டு 1988-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரண்டு முறையிலுமே குறைந்தது, மாத்திரையில் கூடுதலாக, பூவில் கொஞ்சம் குறைவாக. குழந்தையை இழந்த தாய்மார்களுக்கு நம் பாட்டிமார்கள் மல்லிகை கட்டியது காரணத்தோடுதான்.

அதனாலேயே உங்களுக்கு அது இப்போது ஆகாது. புரோலாக்டின் ரத்தத்தில் ஓடுகிற ஹார்மோன், வலது பக்கம் மட்டும் கட்டினேன் என்றாலும் இரண்டு பக்கமும் பால் குறையும். தொற்று இருக்கிற மார்பில் திடீரென்று பால் கொடுப்பதை நிறுத்தினால், உள்ளே இருக்கிற பால் தேங்கிச் சீழ்க்கட்டியாக மாறும் வாய்ப்பு கூடும். மாமியாரிடம் "பூ கட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்றாங்க" என்று மட்டும் சொன்னால் மனத்தாங்கல் ஆகிவிடும். "பூ கட்டினா பால் நின்னுடும்னு நீங்க சொல்றது சரிதான் அத்தை, இப்ப நின்னா சீழ் பிடிக்குமாம்" என்று சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்வார் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்று நாள் மாத்திரையின் கதை

இப்போது மறுபடி அதே இடத்தில் வந்திருப்பதற்கு முந்தைய தொற்று முழுசாகப் போகாததும் ஒரு காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அமாக்சிசிலினை மட்டும் தனியாகக் கொடுத்தால் இந்தக் கிருமி பெரும்பாலும் அடங்காது, அந்த மருந்தை உடைக்கும் நொதியை அதுவே தயாரித்துக்கொள்கிறது. குளோக்சாசிலின் வகை அல்லது செஃபலெக்சின், இவைதான் வழக்கமாக முதலில் தரப்படுபவை. பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வேறு மருந்து உண்டு. பொதுவாக 10 முதல் 14 நாள் வரை தருவார்கள், காய்ச்சல் இரண்டாம் நாளே விட்டாலும் மருத்துவர் எழுதிய நாள் வரை போட வேண்டும். எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை நேரில் பார்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும், இதைப் படித்துவிட்டு மெடிக்கலில் போய் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். ஆன்டிபயாட்டிக்கை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம், நடைமுறை எப்படி இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இந்த மருந்துகளைச் சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுக்கலாம். பாலில் போகும் அளவு மிகக் குறைவு, பாப்பாவுக்குக் கொஞ்சம் இளக்கமாக வெளிக்கு போகலாம், வாயில் வெள்ளை படியலாம். அப்படிப் படிந்தால் காட்டுங்கள்.

வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால், இபுப்ரோஃபென் இரண்டுமே பால் கொடுக்கும்போது பாதுகாப்பானவை. இபுப்ரோஃபென் வீக்கத்தையும் குறைக்கும், சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும், வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் கேட்காமல் போடக் கூடாது. வலியைப் பொறுத்துக்கொள்வதில் எந்தப் பெருமையும் இல்லைம்மா, வலி இருந்தால் பால் இறங்குவதே தடைபடும். ஒரு எச்சரிக்கை, குறிப்பாக ஐப்பசி கார்த்திகை மழையில் கடலூரும் பாண்டிச்சேரியும் கொசுவோடு கிடக்கும் மாதங்களில்: மார்பில் சிவப்போ வலியோ எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் அடித்தால் அதைப் பால்கட்டு என்று நினைத்துக்கொண்டு இபுப்ரோஃபென் போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் அது ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். பாராசிட்டமால் மட்டும் போட்டுவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். பிரசவமான பெண்ணுக்கு வரும் காய்ச்சலுக்குத் தையல் போட்ட இடம், கர்ப்பப்பை, சிறுநீர் என்று வேறு காரணங்களும் இருக்கலாம், மருத்துவர் அதையும் பார்க்கட்டும்.

இனி எங்கே போவது என்று சொல்கிறேன். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையே போதும், மகப்பேறு அல்லது அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டலாம். அரியாங்குப்பம் வீட்டுக்குப் போய்விட்டீர்கள் என்றால் பாண்டிச்சேரியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, ஜிப்மர் இருக்கின்றன. போகும்போது பாப்பாவையும் கொண்டுபோங்கள், பழைய மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள், "இது இரண்டாவது தடவை, போன முறை மாத்திரையை இரண்டாம் நாளே நிறுத்திவிட்டேன்" என்று மறைக்காமல் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் பாலை கல்ச்சருக்கு அனுப்பலாமா என்று அவர்கள் யோசிப்பார்கள். எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று அந்தப் பரிசோதனை காட்டும், இரண்டாவது முறை வந்தவர்களுக்கும், 48 மணி நேரம் மருந்து போட்டும் அடங்காதவர்களுக்கும் அது மிகவும் பயன்படும்.

ஓபி வரிசை, நாளை பார்க்கலாம் என்றெல்லாம் இல்லாமல் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டிய நிலைமைகளும் உண்டு: உடம்பு நடுங்கிக்கொண்டே இருப்பது, மூச்சு வாங்குவது, படபடப்பு, தலை சுற்றி நிற்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது, சிறுநீர் குறைவது, சிவப்பு மணிக்கு மணி பரவுவது, தோல் கருநீலமாவது. தொற்று ரத்தத்தில் கலந்திருக்கலாம் என்று அர்த்தம். இதில் ஒன்று இருந்தாலும் இரவு இரண்டு மணி என்று பார்க்கக் கூடாது.

அந்த எலுமிச்சம்பழ கெட்டி

ஆபரேஷன் வரை போகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். மாஸ்டைட்டிஸ் வந்த 100 பேரில் 3 முதல் 11 பேருக்குத்தான் அது சீழ்க்கட்டியாகிறது. மருந்து தொடங்கி இரண்டு நாளில் காய்ச்சல் குறைந்து, கெட்டி மெல்ல மெல்ல இளகினால் நல்லது. காய்ச்சல் போய்விட்டது, ஆனால் கெட்டி அப்படியே நிற்கிறது, அல்லது நடுவில் தொட்டால் தண்ணீர்ப் பை மாதிரி மெத்தென்று இருக்கிறது என்றால் ஏமாந்துவிடாதீர்கள், மாத்திரை காய்ச்சலை அடக்கிவிட்டு உள்ளே சீழ் சேர்ந்திருக்கலாம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும், வலிக்காது, கதிர்வீச்சும் இல்லை. உங்களுக்கு இரண்டாம் முறை என்பதால் நான் பார்த்திருந்தால் முதலிலேயே ஸ்கேன் எடுத்துவிடுவேன்.

சீழ் இருந்தாலும் உடனே கத்தி வைத்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியால் சீழை உறிஞ்சி எடுப்பார்கள், இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டி வரலாம். பெரிய கட்டியாக இருந்தாலோ தோல் மெலிந்துபோயிருந்தாலோ சின்னதாகக் கீறி வடிய விடுவார்கள். அதற்குப் பிறகும் பால் கொடுக்கலாம், காயம் பாப்பாவின் வாய் படாத இடத்தில் இருந்தால் அந்தப் பக்கமே கொடுக்கலாம். காயத்தின் வழியாகக் கொஞ்ச நாள் பால் கசியும், ஆறிவிடும். வீட்டில் சூடு வைத்துப் பழுக்க வைத்து உடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். காம்பில் சில சமயம் தெரியும் வெள்ளைப் புள்ளியை ஊசியால் குத்துவதும் அதே மாதிரி தவறு.

கேன்சர் பயம். பால் கொடுக்கிற 27 வயதுப் பெண்ணுக்குக் காய்ச்சலோடு இரண்டு நாளில் திடீரென்று வரும் சிவப்புக்கு மிக மிகப் பெரும்பாலும் காரணம் அழற்சிதான். ஆனால் சரியான மருந்து முழுசாகப் போட்ட பிறகும் கெட்டியோ சிவப்போ ஓரிரு வாரத்தில் போகவில்லை, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி குழியாகிறது, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்கிறது என்றால், "பால்கட்டுதான்" என்று விட்டுவிடாமல் ஸ்கேனும் தேவைப்பட்டால் ஊசியால் திசு எடுத்துப் பரிசோதனையும் செய்ய வேண்டும். அரிதாகக் காசநோயும் மார்பில் இப்படி வரும், அதற்கும் நல்ல மருந்து இருக்கிறது. இரவில் போனில் தேடுவதை நிறுத்திவிட்டு அந்த நேரம் தூங்குங்கள், தூக்கமும் ஓய்வும் இந்த நோய்க்கு மருந்தின் ஒரு பகுதி.

மறுபடி வராமலிருக்க, மருத்துவமனையில் பாப்பா எப்படி வாய் வைக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடிந்து, தாடை மார்பில் பட்டு, காம்பைச் சுற்றியுள்ள கறுப்புப் பகுதியும் சேர்ந்து வாய்க்குள் போக வேண்டும். காம்பு மட்டும் போனால் வெடிக்கும், பாலும் சரியாக வராது. இரண்டு முறையும் மேல் பக்கமே வந்திருப்பதால் உங்கள் பிராவையும் பாருங்கள், கம்பி வைத்தது வேண்டாம், தாங்க வேண்டும், இறுக்கக் கூடாது. பத்தியம் என்று தண்ணீரைக் குறைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், வேண்டாம், தாகத்துக்குக் குடியுங்கள். பால் ஊற சுறாப்புட்டு, பூண்டு என்று தினமும் தருகிறார்களாம். உங்களுக்குப் பால் குறைவாக இருப்பதாகத் தெரியவில்லை, இன்னும் ஊற வைக்க வேண்டிய தேவையே இல்லை. சுறாவில் பாதரசம் அதிகம் இருக்கும், துறைமுகத்தில் நெத்திலியும் மத்தியும் கிடைக்கும்போது சுறா எதற்கு? பூண்டு ருசிக்குச் சாப்பிடுங்கள்.

வேலையும் பால் நிறுத்துவதும்

பாலை நிறுத்துவதா என்பது உங்கள் முடிவு, அதில் யாரும் உங்களைக் குற்றவாளியாக்க விடாதீர்கள். ஆனால் இன்று நிறுத்தாதீர்கள். தொற்று முழுசாகக் குணமான பிறகு, அப்போதும் நிறுத்தத்தான் வேண்டும் என்று தோன்றினால், மூன்று நான்கு நாளுக்கு ஒரு வேளை என்று ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வரலாம். அவசரம் என்றால் மருத்துவரிடம் அதற்கான மாத்திரை பற்றிக் கேட்கலாம்.

வேலைக்காக நிறுத்த வேண்டியதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 80 நாள் வேலை செய்திருந்தால் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, திரும்பிய பிறகு குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை வழக்கமான இடைவேளை போக நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் குழந்தைகள் காப்பகம், இவ்வளவும் சட்டத்தில் இருக்கிறது. பிரசவத்தால் வந்த நோய்க்கு மருத்துவச் சான்று கொடுத்துக் கூடுதலாக ஒரு மாதம் வரை விடுப்புக் கேட்கவும் இடமுண்டு. மேலாளர் போனில் "சீக்கிரம் வந்துடுங்க" என்றதாக எழுதியிருக்கிறீர்கள், வாய்ப்பேச்சாகப் பதில் சொல்லாமல் விடுப்புத் தேதிகளைக் குறிப்பிட்டு ஒரு மெயில் போட்டு வையுங்கள். அப்புறம் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்வருவதாக இருந்தால், தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் தாய்ப்பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன, பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அலுவலகத்தில் இடைவேளை கிடைக்கும் நேரத்தைப் பாப்பா குடிக்கும் நேரத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் அது குடிக்கும் அளவுக்கு மட்டும் எடுங்கள். வேலைக்குப் போகும் முதல் வாரத்தில்தான் பலருக்கும் பால் கட்டிக்கொள்கிறது. அன்றைக்கு மார்பில் ஒரு இடம் கனத்து வலிக்க ஆரம்பித்தாலே ஐஸும் வலி மாத்திரையும் தொடங்கிவிடுங்கள், வீட்டுக்கு வந்ததும் பாப்பாவிடம் கொடுங்கள், 24 மணி நேரத்தில் குறையவில்லை அல்லது காய்ச்சல் வந்தது என்றால் மருத்துவரிடம் போங்கள். இப்போதைய மருந்து முடிந்து இரண்டு வாரம் கழித்தும் அந்த இடத்தில் கையில் ஏதாவது தட்டுப்பட்டால், வலி இல்லாவிட்டாலும் சரி, ஒரு முறை ஸ்கேன் எடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.